நிச்சயத் தட்டில் வந்த ஐபோன்

செப்டம்பர் 1, திங்கள்

இந்த டைரியை ஜனவரியிலேயே கம்பெனியில் கொடுத்தார்கள். எட்டு மாதமாக மேசை டிராயரில் சும்மா கிடந்தது. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், புதுப் போனில் தமிழ் அடிக்க வராமல் நான் பட்ட பாடு. பேனா எந்தக் கம்பெனியாக இருந்தாலும் எழுதிவிடுகிறது.

வெள்ளிக்கிழமை எனக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை சிவபாண்டி. வ. புதுப்பட்டி, எங்கள் வத்திராயிருப்பிலிருந்து கூப்பிடு தூரம். ராணுவத்தில் இருக்கிறார், இப்போது ராஜஸ்தான் பக்கம். கல்யாணம் தை மாதம்.

தட்டில் சேலை, பூ, பழம், நடுவில் போன் பெட்டி. இப்போதெல்லாம் எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்குப் போன் வைக்காமல் இருப்பதில்லை. கல்யாணம் வரைக்கும் பேசிக்கொள்ள வேண்டுமே. ஆனால் ஐபோன் வந்தது எங்கள் தெருவில் இதுதான் முதல் தடவை. அப்பா அதை வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். சமுத்திரம் சித்தப்பா மட்டும் பெட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, "கடிச்ச பழத்தயா தட்டுல வைப்பாக?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

பெட்டியைத் திறக்கும்போதே போன் தயாராக இருந்தது. முகப்பில் அவர் படம். அவர் எண்ணை 'மாமா' என்று அவரே பதிந்து வைத்திருந்தார். என் வேலை சிம்மைப் போடுவது மட்டும்தான். பழைய வாட்ஸப் பேச்சு எதுவும் இதற்கு வரவில்லை. ஆண்ட்ராய்டிலிருந்து கொண்டுவருவதற்கு ஏதோ முறை இருக்கிறதாம், ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டுமாம். போகட்டும் என்று விட்டுவிட்டேன். மூலையில் விரிசல் விட்ட என் பழைய போன் பீரோவில் சேலைகளுக்கு நடுவே படுத்துவிட்டது.

ராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஆபீசில் இன்று நான்தான் காட்சிப் பொருள். பக்கத்து சீட் பிரிஸ்கில்லா சொன்னாள்: "ஏட்டி முனீஸ், போன் மாறுனதும் நடையே மாறிப்போச்சேட்டி!"

நடை மாறியது உண்மைதான். போனைக் கீழே போட்டுவிடுவேனோ என்ற பயத்தில் மெதுவாக நடக்கிறேன்.

செப்டம்பர் 3, புதன்

இந்தப் போனில் பின்னால் போகிற பட்டன் கிடையாது. கட்டைவிரல் பழைய இடத்திலேயே போய்ப் போய்த் தட்டுகிறது, மூடிப்போன கடையின் கதவைத் தட்டுகிற மாதிரி.

செப்டம்பர் 6, சனி

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலுக்குப் போனோம். நான், அம்மா, அவர், அவருடைய அம்மா. அவர் நாளைக்கு ரயில் ஏறுகிறார். அம்மாமார் இருவரும் பிரகாரத்தில் வேண்டுமென்றே பின்தங்கினார்கள்.

முன்னால் நடந்த நாங்கள் இருவரும் பேசியது கொஞ்சம்தான். "சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். கொஞ்ச தூரம் போய், "போன் பிடிச்சிருக்கா?" என்றார். தலையை ஆட்டினேன்.

"எனக்கும் அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டேன். குடும்பம்னா ஒரே ஐடில போட்டுட்டா சுலபம் சார், ஒரு பாஸ்வேர்ட ஞாபகம் வச்சாப் போதும்னு கடைக்காரன் சொன்னான். அப்படியே போட்டாச்சு."

ரேஷன் கார்டில் சேருவதற்கு முன்னாலேயே போன் ஐடியில் சேர்ந்துவிட்டேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவருக்கு நெற்றியில் ஒரு தழும்பு இருக்கிறது. சிரிக்கும்போது அது மேலே ஏறுகிறது. நிச்சயத்தன்று அதைப் பார்க்கவில்லை.

பால்கோவா வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், வீட்டில் யாருக்கும் கொடுக்க மனசே இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

மானம் போனது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் கொட்டித் தீர்த்துவிட்டேன். "எம்மா, இவியகூட என்னால முடியல. காலைல சாப்பிட்டியா, மத்தியானம் சாப்பிட்டியா, ராத்திரி சாப்பிட்டியா. ஓட்டல்காரன்கூட இம்புட்டு கேக்க மாட்டான். கல்யாணத்துக்குப் பொறவும் இப்படின்னா நான் தொலஞ்சேன்."

 அந்தப் பக்கமிருந்து, "நான் செல்லத்தாய் பேசுதேன் தாயி" என்று குரல் வந்தது.

செல்லத்தாய் என் அம்மா இல்லை. அவருடைய அம்மா! பஸ் ஸ்டாண்டில் பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை, விழுங்கியிருக்கலாம். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அத்தை சிரித்துவிட்டார். "அவனுக்கு வேற பேச வராது தாயி. அவிய அப்பா செத்த அன்னைக்கும் என் பக்கத்துல வந்து உக்காந்து அதத்தான் கேட்டான்."

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. இனி அவர் 'சாப்பிட்டியா' என்று கேட்டால் எரிச்சல்பட முடியாது போலிருக்கிறது.

போனைப் பார்த்தேன். 'அம்மா' என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. அது மட்டுமில்லை, யார் யாரோ ஹவில்தார்கள், மெஸ், ரயில் டிக்கெட் ஏஜெண்ட். கடைக்காரன் அவர் போனில் இருந்ததையெல்லாம் இதிலும் ஏற்றிவிட்டான் போல.

செப்டம்பர் 17, புதன்

மாரியாத்தாள் அக்காவிடம் கல்யாண ரவிக்கை அளவு பார்க்கப் போயிருந்தேன். பச்சைப் பட்டு. கண்ணாடி முன்னால் நின்று ஒரு படம் எடுத்தேன். கை லூசாக இருந்ததால் யாருக்கும் அனுப்பவில்லை.

சாயங்காலம் அவர் பேசும்போது, "அந்தப் பச்ச ரவிக்க உனக்கு நல்லாருக்கு" என்றார்.

அனுப்பினேனா? வாட்ஸப்பில் தேடினேன். அனுப்பவில்லை. கை தவறிப் போயிருக்குமோ? போயிருந்தால் அங்கே இருக்க வேண்டுமே.  நல்லாருக்கு என்று சொன்னது பிடித்தும் இருந்தது. என்ன பெண் நான்?

செப்டம்பர் 20, சனி

"நேத்து கௌதம்ராஜ்கூட அம்புட்டு நேரம் என்ன பேச்சு?"

இதைத்தான் கேட்டார். எடுத்த எடுப்பில். இன்று சாப்பிட்டியா கூட இல்லை.

கௌதம்ராஜ் எங்கள் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர். நேற்று தூத்துக்குடியில் எங்கள் கண்டெய்னர் நின்றுவிட்டது. எந்தத் தொகுதிச் சரக்கு என்று காட்டப் பெட்டி மேல் ஒட்டிய லாட் நம்பரும் பேப்பரில் நான் அடித்த லாட் நம்பரும் வேறு வேறு. அதைச் சரிபண்ண ரெண்டு பேரும் மாறி மாறிப் பேசினோம். இதையெல்லாம் அவரிடம் விளக்கிச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. கௌதம்ராஜ் என்று ஒருத்தர் இருப்பதையே நான் இவரிடம் சொன்னதில்லையே!

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"சும்மா கேட்டேன்" என்றார்.

சும்மாவா? சும்மா கேட்டா பேரு எப்படி வரும்? ஆபீசில் யாராவது சொல்றாகளா? இல்ல ஆள் வச்சுப் பாக்காகளா? நான் என்ன பண்ணிட்டேன் என்னைய ஆள் வச்சுப் பாக்க? ஒரு நல்ல மனுஷன்னு நினைச்சேனே.

செப்டம்பர் 22, திங்கள்

ஆள் வைக்கவில்லை. போனையே வைத்திருக்கிறார்.

மதியச் சாப்பாட்டின்போது பிரிஸ்கில்லாவிடம் சொன்னேன். அவள் அண்ணன் பெங்களூரில் இருக்கிறான். அவன் கழித்த ஐபோன் இவள் கைக்கு வரும் என்பதால் இவளுக்கு எல்லாம் அத்துபடி. என் போனை வாங்கி செட்டிங்ஸைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் அவர் பெயர்.

"ஏட்டி, இது உன் போனே இல்லட்டி. அவரு போனு. நீ சும்மா சுமந்துட்டுத் திரியுத."

நான் எடுக்கிற படமெல்லாம் அவர் போனுக்குத் தானாகப் போகிறது. நான் யாரிடம் பேசினேன், எத்தனை நிமிஷம் பேசினேன், எல்லாம் அங்கே தெரியும். நான் ராஜபாளையத்தில் இருக்கிறேனா, பஸ்ஸில் இருக்கிறேனா, வீட்டில் இருக்கிறேனா, வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும். ஆண்ட்ராய்டாக இருந்தால் என்னுடைய மெயிலில்தானே போட்டிருப்பேன்? இவர் தயார் பண்ணிக் கொடுத்தார், நானும் நகை மாதிரி வாங்கிப் பூட்டிக்கொண்டேன்.

 கக்கூசில் போய் அழுதுவிட்டு முகம் கழுவி வந்தேன். கண்ணாடி முன்னால் நான் நின்ற நிலையை அவர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். சொல்லக்கூட இல்லை. நல்லவேளை, இதையெல்லாம் பேனாவில் எழுதுகிறேன்.

கிளம்பும்போது பிரிஸ்கில்லா இன்னொன்றும் சொன்னாள். "இது ஒருவழிப் பாதை இல்லட்டி. அவரு சமாச்சாரமும் ஒனக்கு வரும். பாரு."

செப்டம்பர் 23, செவ்வாய்

பார்த்தேன்.

நான் பேசாத அழைப்புகள் என் போனில் கிடந்தன. இத்தனை நாள் போன் கோளாறு என்று நினைத்திருந்தேன். வரைபடத்தில் இரண்டு புள்ளிகள். ஒன்று நான். இன்னொன்று ராஜஸ்தானில் மணல் நிறத்துக்கு நடுவே ஒரு குளக்கரையில். படங்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. தூசி படிந்த பூட்ஸ், ரொட்டி அடுக்கிய தட்டு, ஒரு காது இல்லாத நாய். அப்புறம் என்னுடைய நிச்சயப் படத்தை அவர் டிரங்குப் பெட்டி மூடிக்குள் ஒட்டி, அதை எடுத்த படம்.

கோபமாக இருக்கும்போது இந்த மாதிரிப் படமெல்லாம் கண்ணில் படக் கூடாது.

செப்டம்பர் 25, வியாழன்

இன்றும் பார்த்தேன். நாய்க்கு ரொட்டி போட்டிருக்கிறார். பார்ப்பது தப்பு என்று தெரிகிறது, கை நிற்கவில்லை. அவருக்கும் இப்படித்தான் ஆகியிருக்குமோ? இருக்கட்டும். நான் யாரையும் 'அம்புட்டு நேரம் என்ன பேச்சு' என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

வீட்டில் சொல்லிவிட்டேன். போனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

அப்பா தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடாமலேயே நிமிர்ந்தார். "கட்டிக்கப் போறவன் கூடக்கொறய பாக்கத்தான் செய்வான். அதுக்கு?"

"கட்டிக்கப் போறவன் கேட்டுட்டுப் பாக்கணும்ப்பா."

"நிச்சயத் தட்டுல வந்த பொருளத் திருப்பி அனுப்புனா என்ன அர்த்தம்னு தெரியும்லா? சம்பந்தம் வேண்டாம்னு அர்த்தம். நாளைக்கு எவன் வந்து கேட்டாலும், அந்தப் புள்ள போனத் திருப்பிக் கொடுத்த புள்ளல்லான்னுதான் சொல்லுவான்."

அது எனக்கும் தெரியும். எங்கள் பக்கம் வார்த்தையைக்கூடத் திருப்பிக்கொள்ளலாம், தட்டில் வந்ததைத் திருப்ப முடியாது. கம்மலோ சேலையோ போனோ, அது வாசல் தாண்டித் திரும்பினால் கல்யாணம் முறிந்தது. எனக்குக் கல்யாணம் முறிய வேண்டுமா? அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தப் போன் வேண்டாம். அந்தத் தழும்பு மேலே ஏறுகிற சிரிப்பு வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே ஐடியில் அல்லவா வந்து தொலைந்திருக்கிறது.

அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்: "பெட்டில போட்டு பீரோல வையி. கொடுத்ததும் ஆகாது, வச்சிக்கிட்டதும் ஆகாது."

செப்டம்பர் 30, செவ்வாய்

பீரோவில் வைப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணி, ஆபீஸ் மாடிப்படிக்கட்டில் உட்கார்ந்து போன் போட்டேன்.

சண்டை போடுவதற்கு நிறைய வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"இப்ப நீங்க எங்க இருக்கீங்கன்னு நான் சொல்லட்டா?"

சிரித்தார். "சொல்லேன்."

"ரயில் ரோட்டுக்கு வடக்க ஒரு குளம். அதுக்கு மேக்க நீளமா மூணு கட்டடம். அதுல நடுக் கட்டடம்."

சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு வந்த குரலை நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லை. அது ராணுவத்துக் குரல். "யார் சொன்னா? எப்படித் தெரியும்? வேற யார்ட்டயாச்சும் சொன்னியா?"

"யாரும் சொல்லல. யார்ட்டயும் சொல்லல. உங்க போன்தான் காட்டுது. காலைல வாசலுக்கு வந்தீங்க, அதுவும் தெரிஞ்சது. நாய்க்கு ரொட்டி போட்டீங்க."

அவர் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. 

"இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றேன்.

"நடுத்தெருவுல நிக்க வச்ச மாதிரி இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ரவிக்கைய நீங்க நல்லாருக்குன்னு சொன்ன அன்னைக்கு."

பிறகு மெதுவாகச் சொன்னார். இத்தனை வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. "சத்தியமா எனக்கு முதல்ல தெரியாது. ஒன் படம் வந்ததும் நீதான் அனுப்பிருக்கன்னு நெனச்சேன். ரெண்டு நாள்ல புரிஞ்சு போச்சு. சொல்லிருக்கணும். சொல்லல. பாக்கப் பாக்க நீ பக்கத்துல இருக்க மாதிரி இருந்துச்சு. பொறவு அந்தப் பேரு வந்ததும்... பாக்குறதே வேற மாதிரி ஆயிருச்சு. அடுத்து எப்ப வருதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எதிரி நம்மளப் பாத்துறக் கூடாதுன்னுதான் இங்க முதல் நாளே சொல்லித் தாராங்க. நான் ஒன்னய அப்படிப் பாத்திருக்கேன்."

நான் அழுதேனா, அவர் அழுதாரா என்று சரியாகத் தெரியவில்லை. சிம்மைக் கழற்றப் போகிறேன் என்றேன்.

"கல்யாணம்?" என்றார்.

"தெரியல."

அதுதான் உண்மை. தெரியவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கம்பெனியில் தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து பழைய போனை எடுத்துத் துடைத்து, சிம்மைப் போட்டு, அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். ஐபோன் பெட்டிக்குள் போய்விட்டது.

வாட்ஸப் திறந்தது. ஆகஸ்ட் 29 காலையில் அப்படியே நிற்கிறது. 'ஜம்முனு போட்டோ எடுத்து அனுப்புட்டி' என்று பிரிஸ்கில்லா. 'ரவிக்கைத் துணி எடுத்தாச்சா' என்று மாரியாத்தாள் அக்கா. அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு மாதமாக அவர் அனுப்பியது, நான் அனுப்பியது, எதுவும் இந்தப் பக்கம் வராதாம். அவர் எண்ணும் இதில் இல்லை. இந்தப் போனில் எனக்கு நிச்சயமே ஆகவில்லை.

கட்டைவிரல் பழைய இடத்தைத் தட்டியது. பின்னால் போனது. நிம்மதியாக இருந்தது. பிறகு நிம்மதியாக இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

"பத்திரிகை அடிக்கக் கொடுக்கவா, வேண்டாமா?" என்று அப்பா சுவரைப் பார்த்துக் கேட்டார். நானும் சுவரைப் பார்த்து, "செத்த பொறுங்கப்பா" என்றேன்.

ராஜஸ்தானிலிருந்து அவர் பேசவில்லை. பேச வேண்டாம் என்று சொன்னது நான்தானா? அப்படி நான் சொல்லவில்லையே.

அக்டோபர் 9, வியாழன்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் செல்லத்தாய் அத்தையின் செருப்பு. வ. புதுப்பட்டியிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறார். அப்பா மொட்டைத் தென்னை மாதிரி நடு வீட்டில் நின்றுகொண்டிருந்தார். அம்மா காப்பியை இரண்டாவது தடவை சுட வைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தை நேராக என்னிடம் சொன்னார்: "அவன் எல்லாத்தையும் என்ட்ட சொல்லிட்டான். ஏலே, பொம்பளப் புள்ள ரவிக்க போட்டுப் பாக்குறத நீ என்னத்துக்குல பாத்தன்னு வஞ்சுட்டேன். நீ மொகத்தத் தூக்கி வச்சதுல தப்பே இல்ல."

அப்பா பெருமூச்சு விட்டார். அடுத்து அத்தை கேட்டதில் அந்த மூச்சு பாதியில் நின்றது.

"அந்தப் போன எடுத்துட்டு வா. நான் கொண்டு போறேன்."

"மதினி, அது தட்டுல வந்த..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"அதனாலதான் நான் வந்து கேக்கேன். புள்ள திருப்பிக் கொடுத்தாத்தான தப்பு? மாமியாக்காரி ஆசப்பட்டு வாங்கிட்டுப் போனா ஊருல எவன் என்ன சொல்லுவான்? ரொம்பப் பேசுனா பேராசக்காரின்னு என்னையத்தான் பேசுவான். பேசட்டும்." பிறகு குரலை இறக்காமலேயே, "எனக்கும் ஆசதான். பதினோரு வருசமாப் பட்டாளத்துல இருக்கான். பெத்தவளுக்கு இன்னும் பட்டன் போனு. நேத்து நிச்சயம் பண்ணுன புள்ளைக்கு ஆப்பிளு. எனக்கு வவுறு எரியாதா?" என்றார்.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, இந்த மாதம் முதல் தடவையாக.

பெட்டியைக் கொடுத்தேன். அத்தை கட்டைப் பைக்குள் வைத்து அதற்கு மேலே அம்மா கொடுத்த தேங்காய்களை அடுக்கிக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "என் மவனுக்காக நான் ஒண்ணும் கேக்க வரல. அது ஓம் பாடு" என்று மட்டும் சொன்னார்.

அக்டோபர் 12, ஞாயிறு

செல்லத்தாய் அத்தை அந்தப் போனில் 'அம்மா' என்ற எண்ணை அழுத்தினாராம். தன்னைப் பெற்றவளுக்கு யாரோ போன் வாங்கிக் கொடுத்து எண்ணையும் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து! அந்தப் பாட்டியிடம் இன்னும் போனே கிடையாதாம். எடுத்தது என் அம்மா. மூன்று நாளாக இருவரும் காலையும் மாலையும் பேசுகிறார்கள். என் கல்யாணம் நடக்காவிட்டாலும் இந்தச் சம்பந்தம் முறியாது போலிருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

பஸ்ஸில் வரும்போது பெயர் இல்லாத எண்ணிலிருந்து ஒரு செய்தி.

'வணக்கம். என் பெயர் சிவபாண்டி. ஊர் வ. புதுப்பட்டி. ராணுவத்தில் இருக்கிறேன். ஆகஸ்டில் உங்களைப் பெண் பார்க்க வந்திருந்தோம். உங்கள் பழைய போனில் நான் இல்லை என்று அம்மா சொன்னார்கள். நானும் என் போனை முழுக்க அழித்துவிட்டேன். உங்கள் படம் ஒன்றுகூட இதில் இல்லை. அந்தப் பொது ஐடியை அம்மா போனிலிருந்தும் எடுக்கச் சொல்லிவிட்டேன். உங்களோடு பேசலாமா?'

நீங்கள், உங்கள். போன மாதம் வரைக்கும் நீ, வா, போ.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை அதையே படித்துக்கொண்டு வந்தேன். பதில் போடவில்லை. பெயரும் பதியவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

'பேசலாம்' என்று போட்டேன். ஒரே வார்த்தை.

சாயங்காலம் பேசினார். சோதித்துப் பார்க்கலாம் என்று, "இன்னைக்கும் கௌதம்ராஜ்கூட நிறையப் பேசினேன்" என்றேன்.

"ம்" என்றார். பிறகு, "எனக்கு உறுத்தத்தான் செய்யுது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா கேக்க மாட்டேன். சொல்லணும்னு தோணுனா சொல்லுங்க" என்றார்.

உறுத்தவில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கண்டெய்னர் போய்ச் சேர்ந்த கதை முழுவதையும் சொன்னேன். லாட் நம்பர் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். நாய்க்கு என்ன பெயர் என்று நான் கேட்டேன். இன்னும் வைக்கவில்லையாம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அங்கே பாதுகாப்பு வேலை, பேச முடியவில்லை. எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. தெரியாமல் இருப்பதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் இது எல்லோருக்கும் உள்ள கஷ்டம்.

நவம்பர் 11, செவ்வாய்

மூன்று வாரமாக டைரி பக்கம் வரவில்லை, தினமும் பேசினோம். செப்டம்பரில் 'மாமா' என்று பதிந்திருந்த ஆளோடு இத்தனை பேசியதே இல்லை. அந்த எண்ணுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, ஆனால் கடைசி இலக்கங்கள் மனப்பாடம்.

அவர் மெதுவாகப் பேசுவார், நான் வேகமாகப் பேசுவேன். கோபம் வந்தால் அவர் அடங்கிவிடுவார், நான் வெடிப்பேன். நேற்றுக்கூட வெடித்தேன், கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன், எந்நேரமும் எங்க இருக்கன்னு கேக்கக் கூடாது என்று. "கேக்கல. பஸ் தாமதமானா மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க, அம்மாதான் தேடும்" என்றார். அம்மா தேடுமாம்.

நவம்பர் 23, ஞாயிறு

அப்பா தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "பத்திரிகை அடிக்கக் கொடுத்துருங்கப்பா" என்றேன்.

தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, அப்போதே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு ஓடினார். நான் மனசு மாறுவதற்குள் அச்சகத்துக்குப் போய்விட வேண்டும் என்று.

டிசம்பர் 28, ஞாயிறு

மாரியாத்தாள் அக்கா பச்சை ரவிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார். கை இப்போது கச்சிதமாக இருக்கிறது. பீரோ கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தேன். பழைய போனில் கேமரா சுமார்தான், விரிசலுக்கு நேரே ஒரு கோடு விழும். தலையைச் சாய்த்து, கோடு விழாமல் ஒரு படம் எடுத்தேன்.

நானே அனுப்பினேன்.

பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது.  எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார்.

'அனுப்பியதற்கு நன்றி' என்று வந்தது.

அதற்குக் கீழே, 'சாப்டீங்களா?'

சாப்பிட்டேன் என்று போட்டேன். பிறகு அந்த எண்ணை அழுத்திப் பெயர் பதிந்தேன். சிவபாண்டி. மாமா என்று மாற்றுவதையெல்லாம் தைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.